அப்பா பார்த்த நடுவர்

தேசிய கபடி இறுதிப்போட்டிக்கு நடுவராக நின்ற முதல் பெண் பொற்கொடி. மறுநாள் அவள் பழனிக்குத் திரும்பியபோது, அப்பா மாசிலாமணி அந்த ஆட்டத்தைத் திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவளுடைய சட்டையில் ஒரு மீசைக்காரன் நின்று விசில் ஊதினான். நடுவர் எந்த உருவத்தில், எந்தக் குரலில் வர வேண்டும் என்பதை இப்போதெல்லாம் பார்ப்பவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

"என்னப்பா இது?"

"தப்பா எடுத்துக்காதம்மா. ஆம்பளக் குரல்னாத்தான் எனக்கு ஆட்டம் பாக்குற மாதிரி இருக்கு. ஆனா என்னமா தீர்ப்பு சொல்லியிருக்க, பாரு!"

கடைசி ரெய்டில் ஆட்டக்காரனின் கால் எல்லைக்கோட்டைத் தாண்டியது. மீசைக்காரன் கையைத் தூக்கி அவுட் கொடுத்ததும் அப்பா கைதட்டினார்.

பொற்கொடி ரிமோட்டை வாங்கித் தன் முகத்தையும் குரலையும் வரவைத்து, அதே ரெய்டை மறுபடி ஓட்டினாள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார்.

"அவசரப்பட்டுட்டியோம்மா? கால் உள்ளதான இருக்கு?"

அவள் மீசைக்காரனைத் திரும்ப வரவைத்து, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க இந்த ஆளையே வச்சுக்கோங்கப்பா."

அப்பா அதற்குள் திரையின் பக்கம் திரும்பியிருந்தார்.