பிழையில்லாத வாக்கியம்

கான்வென்ட் பள்ளியின் பார்வையாளர் அறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடுகோடாக விரித்திருக்கிறது. நாற்காலி இருந்தும் பழனியம்மாள் உட்காரவில்லை. கொண்டுவந்த நிலக்கடலை மூட்டையை மேசையில் வைத்துவிட்டு, மெழுகிட்ட தரையில் கால் வழுக்கிவிடுமோ என்று விரல்களை ஊன்றி நிற்கிறாள். எதிரே மதர் யூஜினி. பிரான்சிலிருந்து வந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார், தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் மகள் அத்தாயி. மாடியில் யாரோ ஆர்மோனியத்தில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள்.

"மாமன் ஊட்டுல தையில உனக்குக் கண்ணாலம்னு முடிவு பண்ணிட்டாங்க. படிச்சது போதும், கூட்டிட்டுப் போக வந்திருக்கறேன்னு சொல்லு சாமி" என்கிறாள் அம்மா.

அத்தாயி மதரின் இடுப்பில் தொங்கும் ஜெபமாலையின் மரமணிகளையே பார்க்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்பு மதர் எதைக் கேட்டாலும் அவளுக்கு வாயே திறக்காது. இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் ஒப்பிக்கிற அதே குரலில், அம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொல்கிறாள். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. மதரின் முகம் மலர்கிறது, மெல்லத் தலையசைக்கிறார். சொன்னது என்ன என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு எட்டுகிறது.

அதற்குள் பழனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "மதரம்மாவே தலையாட்டிட்டாங்க. போயிப் பொட்டிய எடுத்துட்டு வா, வண்டி நிக்குது."

"நோ, நோ" என்று தொடங்கி மதர் படபடவென்று என்னவோ சொல்கிறார்.

"என்ன சொல்றாங்க கண்ணு?"

தமிழில்தான் அத்தாயிக்கு நாக்குத் தடுக்குகிறது.