கரும்பலகையில் ஒரு வரி

ஆங்கில வகுப்பொன்றின் கரும்பலகைச் சட்டத்தில் ஒரு சாக்பீஸும் ஒரு டஸ்டரும் இருந்தன. 'கெட் அப்', 'கிவ் அப்' என்று எழுதி எழுதி நகத்தளவு தேய்ந்துவிட்ட சாக்பீஸுக்கு, எப்போது தூக்கியெறிவார்களோ என்ற பயம்.

அன்று ஆசிரியை அதை எடுத்து 'லுக் ஆஃப்டர்' என்று எழுதினாள். பார்த்துக்கொள்வது என்று பொருள் சொன்னாள். கீழே, முதியவர்களை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் எழுதி, சாக்பீஸைச் சட்டத்தில் வைத்தாள்.

"படிச்சியா அண்ணே? இனி என்னை எறிய மாட்டாங்க. அவங்க கையாலயே எழுதியிருக்காங்க" என்றது சாக்பீஸ்.

"போன வருஷமும் இதைத்தான் எழுதினாங்க" என்றது டஸ்டர். "அதுக்கு முந்தின வருஷமும்."

"அப்போ நிச்சயமா நம்பலாம்!"

கடைசி பெஞ்சில் ஒருத்தி தூங்கி வழிந்தாள். ஆசிரியை சட்டத்தைத் துழாவினாள். நீளமான சாக்பீஸ்களை ஒதுக்கிவிட்டு, அந்தத் துண்டை எடுத்துக் குறிபார்த்து எறிந்தாள். வகுப்பே சிரித்தது.

பெஞ்சுக்கு அடியில் இருட்டாக இருந்தது. அங்கிருந்து சாக்பீஸ் குரல் கொடுத்தது.

"அண்ணே, நான் எழுதின வரி இன்னும் இருக்கா?"

"இருக்குடா தம்பி" என்றது டஸ்டர், ஆசிரியையின் கையிலிருந்தபடி அதை அழித்துக்கொண்டே.