தஸ்பீஹ் மணி

ஹிதாயாவின் இடது மார்பில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்கும் போய்விட்டது.

"போகச்சொல்லி உத்தரவு கிடைச்சா, புற்றுநோய்க் கலம், அதான் செல், பக்கத்துக் கலங்களை விட்டுட்டு இரத்தத்தோட போயிரும்," என்றார் டொக்டர்.

"ஆர் சொல்றது?"

"இன்னொரு கலம்தான்."

உப்புக்குளத்து வீட்டில் அன்று அரிசி வாளிக்குள் ஒரு மணி கிடந்தது. தொழுதபின் அவள் ஓதி எண்ணும் தஸ்பீஹின் மணி. மறுநாள் தலையணை உறைக்குள் இன்னொன்று. தஸ்பீஹை எடுத்து எண்ணினாள். நூல் அறவில்லை. தொண்ணூற்றொன்பதும் இருந்தன.

நோயைப் பற்றி மகள் றிம்ஷாவிடம் அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை றிம்ஷா புத்தளத்திலிருந்து அழைத்தாள்.

"உம்மா, உங்கட தஸ்பீஹ் மணி ஒண்டு இஞ்ச கிடக்கு."

ஹிதாயா திரும்ப எண்ணினாள். தொண்ணூற்றொன்பது.

"எங்க கிடந்த, மகள்?"

"சட்டைக்குள்ள உம்மா. இடப்பக்கம்."