முட்டை எழுபத்தஞ்சு

அந்த முட்டை நானில்லீங்க. டீக்கடையில சொல்லி உட்டாங்களாக்கும்? இதக் கேக்கறதுல நீங்க பதினோராவது ஆளு. உங்க ஷாஃப்ட் கடைஞ்சு முடிய அரைமணி நேரமாகும். உக்காருங்க, சொல்றேன்.

எங்கூருப் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருசம் எழுபத்தஞ்சு வயசு. நிலம் குடுத்தவங்க பேர வெட்டி வாசல்ல ஒரு கல்லு நடப் போறாங்க. விக்கிப்பீடியாவுல எங்கூரைப் பத்தி நாலே வரி. மக்கள்தொகை, பின்கோடு, அவ்வளவுதான். பழைய வரலாறெல்லாம் சேத்தலாம்னு ஷாலினி ஒரு குழு ஆரம்பிச்சுது. ராசிபுரத்துல சேலைக்கடை வச்சிருக்கற புள்ள. சம்பளமில்லாத வேலைன்னதும் எட்டுப் பேரு கூடிட்டோம்.

நைட் ஸ்கூல்ல படிச்சாலும் நான் தமிழ்ல டைப் அடிப்பேன். அதனால புதுசா வாரவங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலை எனக்கு.

"ரெண்டே சட்டந்தானுங்க. எழுதறது எதுவானாலும் அச்சுல வந்த சான்று வேணும். அவங்கவங்க ஊட்டைப் பத்தி அவங்கவங்களே எழுதக்கூடாது."

ரெண்டாவதக் கேட்டதும் நாலு பேரு எந்திரிச்சுப் போய்ட்டாங்க. குமாரசாமி மட்டும் கடைசி பெஞ்சுல உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டாரு.

அவரு அண்ணன் முருகானந்தம். கோழிப்பண்ணைக்காரரு. அவரு ஆள் வச்சு எழுதினாரு. 'பள்ளிக்கு நிலம் கொடுத்த வள்ளல்'னு அவங்க தாத்தா பேரு. கோயில் டியூப்லைட்டுல உபயம் எழுதின மாதிரி, இருக்கற வெளிச்சம் பூராவும் பேருக்கே போயிருச்சு.

மறுநா காத்தால அந்த வரியக் காணோம். முட்டை75ங்கற பேர்ல யாரோ அழிச்சுட்டு, 'சான்று இல்லை'ன்னு எழுதியிருந்தாங்க.

திருப்பிப் போட்டாங்க. முட்டை திருப்பி அழிச்சுது. இப்படியே ஏழு தடவை.

நாமக்கல் ஜில்லாவுல முட்டைன்னு பேரு வச்சா யாரைங்க சந்தேகப்படறது?

போன வாரம் அண்ணனும் தம்பியும் இங்க பட்டறைக்கே வந்துட்டாங்க. ஷாலினியும் இருந்துது.

"யாருய்யா அந்த முட்டை?"ன்னாரு முருகானந்தம்.

"பேரு மட்டுந்தானுங்க தெரியும்."

ஷாலினி சொல்லுச்சு, "சான்று குடுத்துட்டா யாரும் அழிக்க மாட்டாங்கண்ணா."

"எங்க ஊட்டுல எல்லாருக்கும் தெரியும் புள்ள."

"ஊட்டுல தெரிஞ்சா பத்தாதுங்கண்ணா."

அப்ப குமாரசாமிக்கு வந்துது பாருங்க கோவம். "எங்க தாத்தனுக்கே சான்று கேக்கறீங்களா? அந்த முட்டை கையில கெடைக்கட்டும், ஆம்லெட்டுத்தான்"னு மேசையத் தட்டினாரு. என்ற ஸ்பானர் ரெண்டு கீழ உழுந்துது.

முருகானந்தம் தட்டல. மெதுவாச் சொன்னாரு. "மாரக்காளா இருக்கும். அவ பாட்டி குடுத்த நிலம்னு ஒரு காலத்துல பேசிட்டுத் திரிஞ்சாங்க. கல்லு நட்டு முடியட்டும், அவ வேலைக்கு ஒரு வழி பண்றேன்."

மாரக்காள் அதே பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கற அக்கா. அந்த வேலைய உட்டா அதுக்கு வேற பொழப்பு இல்ல. நான் போய்க் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, நீங்களா அழிக்கறீங்க?"

"போன்ல எனக்கு டார்ச் மட்டுந்தான் போடத் தெரியும் சாமி."

"உங்க பாட்டி நிலமா அது?"

"சின்னாயின்னு பேரு. குடுத்துச்சுன்னு எங்கம்மா சொல்லும். காயிதம் எங்க இருக்குது? அது பேரச் சொன்னா சாம்பார் ருசியாயிருமா?"ன்னு சட்டிப் பக்கம் திரும்பிக்கிச்சு.

நாளைக்குக் காத்தால கல்லு வெட்டற ஆளு நாமகிரிப்பேட்டையில இருந்து வாராரு. பள்ளிக்கூடத்து எச்செம் வசந்தாமணி டீச்சர் வெவரமானவங்க. "பத்து மணிக்கு அந்த விக்கிப்பீடியாப் பக்கத்துல எந்தப் பேரு இருக்குதோ அதத்தான் வெட்டச் சொல்லுவேன். என்னயச் சண்டைக்கு இழுக்காதீங்க"ன்னுட்டாங்க.

அட, குமாரசாமியே வாராரு. ஸ்பானரைத் தள்ளி வச்சுக்கறேன்.

"வாங்கண்ணா. அண்ணன் வரலீங்களா?"

"இல்ல. இவரு யாரு?"

"வேலூர்க்காரருங்க. ஷாஃப்ட்டுக்கு வந்திருக்காரு. தாராளமாப் பேசலாம்."

"இதப் பாருங்க."

பிளாஸ்டிக் கவருக்குள்ள மஞ்சக் காயிதம். பள்ளிக்கூடத் தெறப்பு விழா நோட்டீஸ். சேலத்துல அச்சடிச்சது. 'தலைமை'ன்னு இவங்க தாத்தா பேரு. அதுக்குக் கீழ, 'நிலம் உதவியவர்: சின்னாயி அம்மாள்'.

"எங்கீங்க கெடைச்சுது?"

"எங்க தாத்தா பொட்டியில. தலைமை தாங்கினவரு, போகப் போக நிலமும் குடுத்தவரா ஆயிட்டாரு."

"அண்ணங்கிட்டக் காட்டினீங்களா?"

"அவரு முன்னால நான் நிமிந்து பேசினதே இல்லீங்க. சோறும் அவரு பண்ணையிலதான்."

"இது விக்கிப்பீடியாவுல ஏறுச்சுன்னா மாரக்காக்கா வேலைக்கு உல வெச்சிருவாருங்களே?"

"கல்லுல பாட்டி பேரு இருக்கறப்ப, பேத்திய எப்படீங்க வெளிய அனுப்புவாரு? நாளைக்கு அங்க நாந்தான் மொதல்ல சத்தம் போடுவேன். நீங்க கண்டுக்காதீங்க."

"அப்ப அந்த முட்டை..."

"ஊட்டு ஆளு எழுதக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க? அதான் அழிக்கறதோட நிறுத்திக்கிட்டேன். எழுதறத நீங்க எழுதுங்க. பின்னால ரூமுக்கு வாங்க, அண்ணன் வண்டி இந்தப் பக்கந்தான் வரும்."

மிஷினக் கொஞ்சம் பாத்துக்கங்க. வாரேன்.