சிணுங்கியின் பரீட்சை

"குதிரையைப் பழக்கச் சொன்னா, அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பேப்பர் படிக்கிறீங்களே மாஸ்டரம்மா?"

பள்ளிச் செயலாளர் வேலிக்கு வெளியே நின்று கேட்டார். வெயிலடித்தாலும் கோட்டு, மழை பெய்தாலும் கோட்டு. அந்த மனுஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்திருந்த மாஸ்டரம்மா திரும்பவே இல்லை.

"முறைச்சுப் பார்த்தா பிடிக்க வர்றோம்னு நினைச்சுக்கும் சார். கண்டுக்காம இருந்தாத்தான் தானா கிட்ட வரும்."

"ஒரு வாரமா வரி விளம்பரம் வரைக்கும் படிச்சாச்சு. அது மூலையை விட்டு அசையலையே."

அசையவில்லைதான். நாலு வயசுப் பெண் குதிரை. யாரோ கொட்டகையில் அடைத்துப்போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட, மீட்டவர்கள் இந்தக் குதிரையேற்றப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்கள். பிறந்ததிலிருந்து மனுஷக் கை பட்டதில்லை. ஆள் நிழல் விழுந்தாலே நடுங்கும். லாயக்காரர் அதற்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்து, கூப்பிடச் சோம்பல்பட்டு, சிணுங்கி என்று சுருக்கிவிட்டார்.

செயலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"மூணு மாசம் கழிச்சு புதுக்குதிரைப் போட்டி. அதுல இது தேறணும். இல்லேன்னா வண்டியில ஏத்தி அனுப்பிடணும். கமிட்டி முடிவு. என் முடிவு இல்லை."

அடங்காத குதிரையைக் கசாப்புக்காரனைத் தவிர யாரும் வாங்க மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாஸ்டரம்மா காகிதத்தைப் படித்தாள். நடக்க வேண்டும், ஓட வேண்டும், நிற்க வேண்டும். கடைசியில், பழக்கியவரைத் தவிர வேறொருவர் கழுத்தைத் தொட வேண்டும். அப்போது குதிரை அசையாமல் நிற்க வேண்டும்.

"மணி ஒண்ணு," என்றார் செயலாளர். "சாப்பாட்டுக்குக் கிளம்புங்க. விதின்னா விதிதான்."

'கல் நெஞ்சு,' என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

பன்னிரண்டாம் நாள், பேப்பரில் மூழ்கியிருந்தபோது பிடரியில் சூடாக மூச்சு பட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். சிணுங்கி மெல்ல மூக்கை இறக்கி, அவள் சட்டையின் இடது பாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு விலகியது.

"பாசம்," என்று லாயக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டாள். "வேற என்னவாம்?"

அதிலிருந்து ஒரு சட்டம் போட்டாள். அவளைத் தவிர யாரும் சிணுங்கியின் கிட்டே போகக் கூடாது. லாயக்காரர்கூட வைக்கோலை வேலிக்கு மேலே வீச வேண்டியதுதான். தோளைத் தொட்டாள், கயிறு மாட்டினாள், சேணம் வைத்தாள். இரண்டாம் மாசம் ஏறியே உட்கார்ந்துவிட்டாள். தினமும் மணி ஒன்றடித்தால் மட்டும் செயலாளர் வந்து அவளைச் சாப்பாட்டுக்கு விரட்டிவிடுவார்.

ஒருநாள் சாப்பிட்டுத் திரும்பியவள் கொட்டடி வாசலில் ஒரு கேரட் நுனியைப் பார்த்தாள். பிடித்தது சனி லாயக்காரருக்கு.

"கையால தீனி குடுத்தா கடிக்கப் பழகிடும்னு தெரியாதா உமக்கு?"

"சத்தியமா நான் இல்லை மாஸ்டரம்மா. எனக்குக் கேரட்டே ஆகாது."

அந்த வழியாக வந்த செயலாளர் கேரட் நுனியை வாங்கி உற்றுப் பார்த்தார். பிறகு லாயக்காரரை நிற்க வைத்துப் பத்து நிமிஷம் ஒழுக்கம் பற்றிப் பேசினார். மறுநாள் சுவரில் பலகை தொங்கியது: 'குதிரைகளுக்குக் கையால் தீனி கொடுப்போர் வேலையைவிட்டு நீக்கப்படுவர். - செயலாளர்.'

போட்டி நாள் வந்தது. மைதான ஓரத்து மேஜையில் மைக்கோடு செயலாளர்.

மாஸ்டரம்மா ஏறி உட்கார்ந்ததும் சிணுங்கி நடந்தது. ஓடியது. நடுவில் வந்து சிலையாக நின்றது. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

நடுவர் அம்மா கையை நீட்டிக்கொண்டு வந்தார். சிணுங்கி இரண்டடி பின்வாங்கியது. மறுபடி வந்தார். மறுபடி பின்வாங்கியது.

"நான்தான் தொடணும்னு இல்லைம்மா. வேற யாராவது வரட்டும். ஆனா இதுதான் கடைசி."

வேறு யாரை அழைப்பது? யாரையும் கிட்டே விடாதே என்று சட்டம் போட்டவளே அவள்தானே. தன் பெருமைக்காகக் குதிரையின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மைக்கில் செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "நேரம் முடியப் போகுது."

சிணுங்கியின் காதுகள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பின.

அடுத்த நொடி மேஜையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. கடிவாளத்தை இழுத்துப் பார்த்தாள். ம்ஹூம். மூணு மாசமாக அவள் ஓட்டிப் பழக்கிய குதிரை இப்போது அவளை ஓட்டிக்கொண்டு போனது.

நேராகப் போய், விறைப்பாக உட்கார்ந்திருந்த செயலாளரின் கோட்டில் இடது பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டது. பழக்கதோஷம், அவர் கை தானாக எழுந்து அதன் கழுத்தைத் தடவியது. சிணுங்கி அசையவில்லை.

நடுவர் அம்மா தாளில் குறித்துக்கொண்டார். கேரட் கடிபடும் சத்தம் ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்டது. லாயக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாஸ்டரம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

மைக்கை அணைக்க மறந்த செயலாளர் கிசுகிசுத்தார்:

"சொன்னாக் கேளு தங்கம், எல்லாரும் பாக்கறாங்க. நாளைக்கு மாஸ்டரம்மா சாப்பிடப் போனதும் ரெண்டா தர்றேன்."