நாலாவது வீடு

பெருமுக்கல் மலையின் நிழல் தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பட்டணத்துக் காலேஜிலிருந்து குடும்பக் கணக்கெடுக்க வந்த கண்ணாடிக்காரர் அம்சாவின் வீட்டைத் தாண்டிப் போகிறார். வாசலைப் பெருக்கி, காயப்போட்ட மல்லாட்டைக் கடலையை ஓரமாகத் தள்ளி, காலையிலிருந்து அவருக்காகத்தான் அவள் நிற்கிறாள். "எங்க வூட்டுல கேக்கலீங்களே சார்?" "அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடுதாம்மா கேக்கணும். அப்பத்தான் கணக்கு ஒரு பக்கமா சாயாது. உங்களுது நாலாவது." "வூட்டுக்காரரு ரங்கூன் போனவருங்க. யுத்தம் வந்ததிலேர்ந்து ஒரு கடுதாசி இல்ல. அதையாச்சும் எழுதிக்கினு போங்களேன்." அவர் காதிலிருந்து பென்சிலை எடுக்கிறார், தயங்குகிறார், மறுபடி செருகிக்கொள்கிறார். "எழுதக் கூடாதும்மா." அடுத்த வீட்டில் அவருக்குப் பாய் விரிக்கிறார்கள். "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்கிறார். கோவிந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். புருஷன் பேரை எந்தப் பெண் சொல்வாள்? சுவரில் மாட்டியிருக்கும் புல்லாங்குழல்காரன் படத்தைக் கை காட்டுகிறாள். "கிருஷ்ணனா?" "சாமியும் சேத்துக்குங்க." சிரிப்பு தெருவரைக்கும் கேட்கிறது. அம்சா தன் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொள்கிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து வாயில் வராத பேரை, யாருமே கேட்காத பேரை, பெருக்கி வைத்த வாசலைப் பார்த்து மெல்லச் சொல்கிறாள்: "தாண்டவராயன்."