மூன்று மாதத்துக்கு ஒரு தடவை

“வேரோட பிடுங்கியாச்சு டாக்டர். இனிமே தொந்தரவே இருக்காது.”

பல் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னது டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன். வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பிடுங்கியது ஒரு பழைய ஆன்டிவைரஸை. காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியும் இடத்தைக் காலி பண்ணாமல், நோயாளியின் எக்ஸ்ரேயைத் திறக்கிற நேரம் பார்த்து ‘உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது’ என்று திரையை மறித்துக்கொண்டு நிற்கும். புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸோடு மல்லுக்கு நின்று மெஷினையே முடக்கிவிடும். டாக்டரம்மா உடனே அவனுக்குப் போன் போடுவார்.

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. இது நாலாவது தடவை.”

“பழசோட மிச்சம் மீதி எங்கெங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கும் டாக்டர். தோண்டித் தோண்டித்தான் எடுக்கணும்.”

எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஒட்ட வைத்தவனே அவன்தான். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு சின்ன ஃபைலை மட்டும் விட்டு, மூன்று மாதம் கழித்துக் கண் விழிக்கும்படி அதற்குத் தேதியும் வைத்துவிட்டுப் போவான். தொழில் பக்தி அப்படி. அவனைப் பொறுத்தவரை வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாத மண்ணாந்தைகள். படித்த மண்ணாந்தை என்றால் இன்னும் வசதி.

டாக்டரம்மா திரைப் பக்கம் குனிந்தார். “இந்த ஃபோல்டர்ல ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கே?”

“அது சிஸ்டம் சமாச்சாரம் டாக்டர். சொன்னா உங்களுக்குப் புரியாது.”

பல்லைக் குடைகிறவளுக்கு ஃபோல்டரில் என்ன வேலை என்று அவனுக்கு இளக்காரமாக இருந்தது. “சரி,” என்று அவர் கை கழுவப் போனார்.

அவனுக்கும் வாயாட நேரமில்லை. கடைவாய்ப் பல் மூன்று நாளாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை, தலையைச் சாய்த்தால் தூக்கமும் இல்லை. இன்றைக்கு அது வெளியே வராவிட்டால் பைத்தியமே பிடித்துவிடும். மெஷின் வேலைக்குக் கூலி வேண்டாம், பல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று பெரிய மனசு பண்ணி அவனே சொல்லியிருந்தான்.

நாற்காலியில் சாய்ந்தான். ஊசி இறங்கியது, பாதி முகம் மரத்தது. இடுக்கி உள்ளே போய் நறுக்கென்று ஒரு சத்தம். தட்டில் விழுந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தான். பாதிப் பல்தான் இருந்தது.

“ஆ... ஆ...” என்று கையை ஆட்டினான்.

“ஆமா, உடைஞ்சிருச்சு. அடியில ஒரு சின்னத் துண்டு மட்டும் நிக்குது.”

எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு திரும்பவில்லை. கண்ணாலேயே கெஞ்சினான். டாக்டரம்மா இடுக்கியைக் கீழே வைத்தார். நிதானமாகக் கையுறையைக் கழற்றி, கம்ப்யூட்டரைக் காட்டினார்.

“அங்க நீங்க விட்டு வெச்ச மாதிரி, இதையும் விட்டுரட்டுமா?”